கரையான் அரித்த கொய்யாவில் ஓர் உண்டிவில்

என் வயதுப் பெண்கள் ஸ்ரீரங்கம் போனால் பெருமாளைக் கும்பிட்டுவிட்டு, அம்மா மண்டபத்துப் படியில் காலை நனைத்துவிட்டு வருவார்கள். நான் ஒரு கட்டைப் பை நிறையக் கொய்யாக் கவட்டைகளைப் பொறுக்கிக்கொண்டு வந்தேன். எடமலைப்பட்டி புதூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து, அதில் ஒன்றைக் கத்தியால் சீவிக்கொண்டிருந்தபோது என் வீட்டுக்காரர் மேலே வந்தார்.

"என்னது இது?"

"உண்டிவில்."

"எதுக்கு?"

"பூசணிக்காய் அடிக்க."

இத்தனை வருஷக் குடித்தனத்தில் எந்தக் கேள்வியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று அவருக்குத் தெரியும். காயப்போட்டிருந்த துண்டை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டார்.

நான் பழி வாங்கக் கிளம்பியிருந்தது என் அண்ணனை. கூடப் பிறந்த ஒரே அண்ணன். அவனுக்கு அறுபது தாண்டிவிட்டது, எனக்கு ஐம்பத்தெட்டு. இந்த வயதில் என்ன பழி என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன், பழிக்கு ரிட்டயர்மென்ட் கிடையாது.

எங்கள் பிறந்த வீடு அம்மா மண்டபம் சாலையிலிருந்து பிரிகிற ஒரு தெருவில் இருந்தது. அப்பாவும் அம்மாவும் போன பிறகு, பழைய வீட்டை இடித்து மாடி வீடு கட்டப் போவதாக அண்ணன் சொன்னான். அப்படிக் கட்டுவதற்கு முன்னால் எங்கள் பக்கத்தில் ஒரு சடங்கு உண்டு. வீட்டுப் பெண்ணுக்குப் பட்டுப்புடவையும் தட்டு நிறையப் பழமும் வைத்துக் கொடுத்து, காரில் உட்கார வைத்து ரிஜிஸ்டர் ஆபீசுக்குக் கூட்டிப் போவார்கள். அங்கே பங்கு வேண்டாம் என்று எழுதிய விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, நல்ல ஓட்டலில் சாப்பாடு வாங்கிக் கொடுத்து வீட்டில் கொண்டுவந்து விடுவார்கள். பங்கு கேட்டால் பிறந்த வீட்டைக் கோர்ட்டுக்கு இழுத்தவள் என்ற பெயர்தான் மிஞ்சும். அந்தப் பெயர் எனக்கு வேண்டாம் என்று நினைத்தேன். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒன்றே ஒன்று கேட்டேன்.

"கொல்லையில இருக்கிற கொய்யா மரத்தை மட்டும் வெட்டாதண்ணே. வருஷா வருஷம் எனக்கு ஒரு பை பழம் வந்துடணும்."

"இதெல்லாம் ஒரு விஷயமா பாப்பா? மரம் எங்க போவப் போவுது? நீ இருக்கிற வரைக்கும் உனக்குப் பழம் வரும்," என்றான். அவன் என்னை இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுவான். நான் கையெழுத்துப் போட்டேன்.

அந்தப் பழத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பெரிய பழம் இல்லை. உள்ளே சிவப்பு, வாய் நிறைய விதை. கல்யாணமாகி நான் இந்தப் பக்கம் வந்த முதல் வருஷத்திலிருந்து, காய்ப்புக் காலத்தில் அம்மா ஒரு மஞ்சப்பையில் கொடுத்தனுப்புவாள். வருகிற ஆள் யாரும் இல்லையென்றால் தானே சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி வந்து, பையைக் கொடுத்துவிட்டு, ஒரு வாய் காப்பியோடு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவாள். அம்மா போன பிறகு அண்ணன் அனுப்பினான், அதையும் சொல்லத்தான் வேண்டும். அந்த வீட்டில் மற்ற எல்லாமே அவனுக்கு. தனி அறை அவனுக்கு, சைக்கிள் அவனுக்கு, காலேஜ் அவனுக்கு. எனக்கென்று இருந்தது அந்த ஒரு பைதான். எனக்குப் பிறந்த வீடு என்று ஒன்று இன்னும் இருக்கிறது என்பதற்கு அதைத் தவிர வேறு சாட்சி இல்லை.

பங்குனியில் ஒரு நாள் அண்ணி வாட்ஸப்பில் ஒரு போட்டோ அனுப்பினாள். வீடு முக்கால்வாசி எழும்பி நின்றது. கீழே, 'கிரகப்பிரவேசத்துக்குப் பட்டு பிளவுஸ் நீதான் தைக்கணும்' என்று எழுதியிருந்தாள். நான் முப்பது வருஷமாக பிளவுஸ் தைக்கிறவள். எதைப் பார்த்தாலும் ஓரத்தில்தான் முதலில் என் கண் போகும். போட்டோவின் பின் ஓரத்தில், கொய்யா மரம் தெரிய வேண்டிய இடத்தில், வெறும் வானம் தெரிந்தது.

உடனே அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அதை ஏன் கேக்குற பாப்பா. கரையான் அரிச்சிருச்சு. உள்ள பூரா பொக்கை. போன வாரம் அடிச்ச காத்துல தானா விழுந்துருச்சு. நல்ல வேளை, ஆள் மேல விழல."

"நீ வெட்டலையே?"

"வெட்டமாட்டேன்னு உன்கிட்ட சொல்லிட்டு வெட்டுவனா?" என்றான். குரல் கொஞ்சம்கூடப் பிசிறவில்லை.

அண்ணிக்கு அளவு எடுக்கிற சாக்கில் மறுநாளே ஸ்ரீரங்கம் போனேன். அவர்கள் இரண்டு தெரு தள்ளி வாடகைக்கு இருந்தார்கள். அங்கே போகாமல் நேரே கட்டட இடத்துக்குப் போனேன். கீழ்த்தளம் வெறும் தூண்கள்தான், கார் நிறுத்துவதற்காகத் திறப்பாக விட்டிருந்தார்கள். தூண்களுக்கு நடுவே நடந்து கொல்லைக்குப் போனால் முழங்கால் உயரத்துக்கு அடிமரம் நின்றது. ரம்பத்தால் அறுத்த மரம். தானாக விழுந்த மரம் இப்படி மட்டமாக நிற்காது. குனிந்து தடவிப் பார்த்தேன். ஈரம் இன்னும் காயவில்லை. ஊசி நுழைகிற அளவுக்குக்கூட ஒரு துளை இல்லை. தரையில் கார் திரும்புவதற்குச் சுண்ணாம்பில் கோடு போட்டிருந்தார்கள், அந்தக் கோடு மரத்தின் மேலேயே போனது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்கள்கூட அதன் மேல் கொஞ்சம் சோற்றையாவது போடுவார்கள். என் அண்ணன் அந்தச் சிரமத்தைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

அழுகை வரவில்லை. வயிறு எரிந்தது. அவன் வெட்டியதைக்கூட ஒரு பக்கம் வைத்துவிடலாம், கேட்டிருந்தால் சண்டை போட்டுவிட்டு நானே சரி என்று சொல்லியிருக்கலாம். கரையான் என்று சொன்னான் பாருங்கள், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அவன் வாயாலேயே, நாலு பேருக்கு முன்னால், வெட்டினேன் என்று சொல்ல வைக்க வேண்டும். சொல்லும் வரைக்கும் அவனுக்குத் தூக்கம் இருக்கக் கூடாது. அங்கேயே நின்று அப்படி முடிவு செய்தேன்.

வெட்டிய கிளைகளைக் காம்பவுண்டுச் சுவரோரம் குவித்திருந்தார்கள். இலைகூட முழுதாக வாடவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் உண்டிவில் ஞாபகம் வந்தது.

சின்ன வயதில் அண்ணன் அந்த மரத்திலிருந்துதான் உண்டிவில் செய்வான். எனக்கு ஒன்று செய்து கொடு என்று பின்னாலேயே திரிவேன். ஒரே ஒரு தடவை அவனுடையதைக் கையில் கொடுத்தான். பிடி என் உள்ளங்கைக்குள் அடங்கவில்லை. கட்டை விரல் சுற்றி வந்து எட்டவில்லை. ரப்பரை இழுத்தபோது கவட்டை கையிலேயே சுழன்று, கல் என் விரல் முட்டியில் பட்டு வீங்கிவிட்டது. அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "உன் கைக்கெல்லாம் இது வராது பாப்பா," என்றான். அம்மா உள்ளேயிருந்து, "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு அது?" என்றாள். என் கைதான் கோளாறு என்று நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். தையல் கற்றுக்கொண்ட பிறகுதான் புரிந்தது, பிளவுஸ் சேரவில்லை என்றால் அது உடம்பின் தப்பு இல்லை, வெட்டியவனின் தப்பு.

கவட்டை தேர்ந்தெடுக்க எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அவன் எதையெல்லாம் தூக்கிப் போடுவான் என்று பொறாமையோடு பார்த்து நின்றதில் தெரிந்துகொண்டதுதான். கவட்டையின் ஒரு கை தடியாகவும் ஒரு கை மெலிதாகவும் இருந்தால் ஆகாது, அடி ஒரு பக்கமே இழுக்கும். கவட்டை பிரிகிற இடத்தில் கணு இருந்தால் ஆகாது. மரத்திலேயே பட்டுப்போன கிளை கூடவே கூடாது. முருங்கை தொட்டால் முறியும். புளியங்கவட்டை உறுதிதான், ஆனால் கை கடுக்கும். கொய்யாதான் வளைந்து கொடுக்கும், ஆனால் பிளக்காது. மேஸ்திரியும் ஆட்களும் முன்பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒவ்வொரு கிளையாகப் புரட்டி, என் கட்டை விரல் பருமனில் சமமாகப் பிரிகிற கவட்டைகளாகப் பார்த்து எடுத்தேன். சித்தாள் பெண் ஒருத்தி எட்டிப் பார்த்து, "எதுக்கும்மா குச்சி?" என்றாள். "மருந்துக்கு," என்றேன். அதுவும் பொய் இல்லை.

கவட்டைகளைப் பைக்கு அடியில் வைத்து மேலே துணியைப் போட்டு மூடி, அண்ணியிடம் போய்ச் சிரித்துக்கொண்டே அளவு எடுத்தேன்.

முதல் இரண்டு கவட்டைகளை அவசரத்தில் கெடுத்தேன். பட்டை உரித்து மொட்டை மாடி வெயிலில் போட்டேன். திருச்சி வெயிலைப் பற்றித் தெரிந்தும் அப்படிச் செய்தது என் கோபம்தான். சாயங்காலமே நீளவாக்கில் வெடித்துவிட்டன. மூன்றாவதை நிதானமாகச் செய்தேன். அறுத்த முனைகளில் மெழுகுவத்தியை உருக்கி ஊற்றி, தையல் மெஷினுக்கு அடியில் இருக்கிற வெட்டுத்துணிக் குவியலுக்குள் புதைத்து வைத்தேன். ஈரம் மெல்ல வெளியேறியது. தினமும் மெஷினை மிதிக்கும்போது அது கால்மாட்டில் காய்ந்துகொண்டிருந்தது. எனக்குள்ளும் ஒன்று அப்படியே காய்ந்து இறுகியது.

காய்ந்த பிறகு அளவு. பிளவுஸுக்குப் பேட்டர்ன் வெட்டுகிற பழுப்புத் தாளில் இடது கையை விரித்து வைத்து, சாக்பீஸால் சுற்றி வரைந்தேன். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேரின் கைச் சுற்றளவை டேப்பில் பிடித்திருக்கிறேன், என் கையை நான் அளந்தது அன்றுதான். பிடியின் நீளம் உள்ளங்கையின் அகலத்தைவிட ஒரு விரல் கூடுதலாக இருக்க வேண்டும். குறைந்தால் கீழ்ப்பக்கம் குத்தும், கூடினால் மணிக்கட்டில் இடிக்கும். மூடினால் விரல் நுனிகள் உள்ளங்கையைத் தொட்டும் தொடாமலும் நிற்கிற பருமன் வேண்டும். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் கவட்டையின் இரண்டு கைகளிலும் ஏறி உட்கார்ந்து அணைத்துக்கொள்ள வேண்டும், அப்போதுதான் இழுக்கும்போது சுழலாது. கத்திரி பிடித்துப் பிடித்து என் கட்டை விரல் மூட்டு புடைத்திருக்கிறது. அந்தப் புடைப்பு உட்காருவதற்கு ஒரு சின்னப் பள்ளம் சீவினேன். சீவுவதும் மூடிப் பார்ப்பதும் மறுபடி சீவுவதுமாக, வாடிக்கையாளருக்கு ட்ரையல் பார்ப்பது போலவே பார்த்தேன். கவட்டை என் விரல்களுக்குக் கொஞ்சம் அகலமாக விரிந்திருந்தது. இரண்டு முனைகளையும் கயிற்றால் இழுத்துக் கட்டி, காஸ் அடுப்பில் தூரமாகக் காட்டி வாட்டினேன். கொய்யா இலையைக் கசக்கினால் வருகிற வாசனை சமையலறை முழுக்க வந்தது. அந்த நேரத்தில்தான் அழுதேன். புகை என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

ரப்பருக்கு முதலில் பிளவுஸ் எலாஸ்டிக்கைக் கட்டிப் பார்த்தேன். வைத்து இழுத்த கல் என் கால் மேலேயே விழுந்தது. பிறகு மதுரை ரோட்டுப் பஞ்சர் கடையில் பழைய சைக்கிள் டியூப் கேட்டு வாங்கி, நீளவாக்கில் பட்டையாக நறுக்கினேன். துணி வெட்டுகிற கத்திரியை அதற்குத் தொடவில்லை, பழிக்கும் ஒரு மரியாதை இருக்கிறது. கல் வைக்கிற தோலுக்கு வீட்டுக்காரரின் பழைய செருப்பு வார் சரியாக இருந்தது. அவர் அந்தச் செருப்பை ஒரு வாரம் தேடினார்.

எதை அடிப்பது என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. என் அண்ணனுக்குக் கடவுளைவிடக் கண்திருஷ்டிமேல் பயம் அதிகம். கட்டட வாசலில் எலுமிச்சை மிளகாய், கறுப்புக் கயிற்றில் படிகாரம், தலைகீழாகக் கற்றாழை, எல்லாவற்றுக்கும் மேலே முதல் தளத்து விளிம்பிலிருந்து மீசையும் துருத்திய நாக்குமாகப் பூதத்தின் முகம் எழுதிய ஒரு வெண்பூசணிக்காய் தொங்கியது. ஊரில் இருக்கிறவர்கள் வயிறு எரிந்து வீட்டுக்கு ஏதும் ஆகிவிடக் கூடாதாம். கூடப் பிறந்தவளின் வயிறு எரியுமே என்று ஒரு தடவை யோசித்திருந்தால் அவ்வளவும் தேவைப்பட்டிருக்காது. கிரகப்பிரவேசத்துக்கு முன்னால் அந்தக் காய் சிதற வேண்டும். அவன் நடுங்க வேண்டும். நான் என்ன பாவம் செய்தேன் என்று யோசிக்க வேண்டும். யோசித்தால் மரம் ஞாபகம் வரும். என் கணக்கு இதுதான்.

கல்லால் அடிக்க மனம் வரவில்லை. யார் மேலாவது பட்டால் பாவம், கீழே கிடந்தால் தடயம். துளசித் தொட்டி மண்ணைப் பிசைந்து, கோலி அளவில் உருட்டி, நிழலில் காயவைத்த களிமண் உண்டைகள் செய்தேன். பட்ட இடத்தில் பொடியாகிவிடும். தையல் பிரித்த சுவடே தெரியாமல் பிரிப்பது எங்கள் தொழிலில் ஒரு திறமை, இதையும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் என்னைக் கவிழ்த்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் தயிர் டப்பாக்களை வைத்துப் பழகினேன். ஆரம்பத்தில் ஒன்றும் படவில்லை. இழுக்கும் கை கன்னத்தை ஒட்டி, ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் வந்து நிற்க வேண்டும் என்று பிடிபட்ட பிறகு விழ ஆரம்பித்தன. கவட்டை கையில் இம்மிகூடச் சுழலவில்லை. உன் கைக்கெல்லாம் இது வராது என்று சொன்னவனை ஒவ்வொரு டப்பாவிலும் பார்த்தேன்.

பிளவுஸ் தயாரானதும் கொண்டுபோனேன். அதில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அக்குளில் கால் இஞ்ச் பிடித்துத் தைத்தால் அண்ணி கிரகப்பிரவேசம் முழுக்கக் கையைத் தூக்க முடியாமல் அவஸ்தைப்படுவாள் என்ற எண்ணம் வந்தது. கை போகவில்லை. அவள் எனக்கு ஒரு கெடுதலும் செய்யாதவள். பிளவுஸ் அவளுக்குக் கச்சிதமாக இருந்தது, கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். வீட்டைப் பார்த்துவிட்டு அப்படியே பஸ் ஏறிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

உச்சி வேளை. ஆட்கள் மாடியில் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார்கள். தெருவில் ஒரு நாய்கூட இல்லை. கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்பார்கள். எனக்கு அன்று அடிக்கிற உண்டையும் அடிபடுகிற காயும் கூடி வந்தன. கொல்லைக்குப் போய் அந்த அடிமரத்தின் மேலேயே ஏறி நின்றேன். தூண்களுக்கு நடுவே நேராக வாசல் தெரிந்தது, பூசணிக்காயின் பின்மண்டையும் தெரிந்தது. முதல் உண்டை தூணில் பட்டுப் பொடியானது. இரண்டாவதற்குக் கன்னத்தோடு ஒட்டி இழுத்தேன்.

வெயிலில் தொங்கித் தொங்கி உள்ளே இளகியிருந்த காய். தொப்பென்று வெடித்து, தண்ணீரும் விதையும் சதையுமாக வாசலில் கொட்டியது. பூதத்தின் பாதி முகம் மட்டும் கயிற்றில் ஆடிக்கொண்டிருந்தது. நான் உண்டிவில்லைப் பையில் போட்டுக்கொண்டு, அந்த ஈரத்தைத் தாண்டிக் கால் வைத்து, பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன். காவிரிப் பாலத்தில் பஸ் போகும்போது எனக்குள் இருந்த சந்தோஷத்தை நான் மறைக்கப் போவதில்லை. என் பிள்ளைகள் பாஸானபோதுகூட அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

விளக்கு வைக்கிற நேரத்தில் அண்ணன் போன் செய்தான். அழப்போகிறான் என்று நினைத்து, நிதானமாக உட்கார்ந்து எடுத்தேன்.

"பாப்பா, பெரிய கண்ணு ஒண்ணு கழிஞ்சிருச்சு," என்றான். குரலில் அப்படி ஒரு குதூகலம். "வாசல்ல கட்டியிருந்த பூசணிக்காய் தானா வெடிச்சிருச்சு. ஒரு கல்லு இல்ல, கட்டை இல்ல. ஆளுங்க எல்லாம் மாடியில இருந்திருக்காங்க. ஐயர்கிட்ட கேட்டேன். வீட்டுக்கு வர வேண்டியதைக் காய் வாங்கிக்கிச்சு, இனிமே தைரியமாப் பால் காய்ச்சுங்கன்னுட்டாரு. சக்கரைப் பொங்கல் வெச்சுத் தெருவுக்கே குடுத்தோம். எவன் வயித்தெரிச்சலோ, போச்சு."

போனை வைத்த பிறகுதான் என் மடத்தனம் உறைத்தது. கட்டிய பூசணிக்காய் அழுகினாலும் வெடித்தாலும் திருஷ்டி கழிந்தது என்றுதான் அர்த்தம். இது எனக்குத் தெரியாததா? தெருவில் எத்தனை வீட்டுக்கு நானே அந்த ஆறுதலைச் சொல்லியிருக்கிறேன். கோபம் கண்ணை மறைத்துவிட்டது. ஒரு கல் கிடந்திருந்தாலாவது யாரோ அடித்தார்கள் என்று பயந்திருப்பான். நான் கெட்டிக்காரத்தனமாகக் களிமண்ணில் உருட்டி, என் வயிற்றெரிச்சலை நானே திருஷ்டி கழித்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். குரங்கு பிடிக்கப் போய்ப் பிள்ளையாராக முடிந்தது. வீட்டுக்காரரிடம் சொன்னபோது சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறிவிட்டது.

"பேசாம கிரகப்பிரவேசத்துக்குப் போகாம இருந்துரு," என்றார், தண்ணீர் குடித்த பிறகு. "நீ பால் காய்ச்சலைன்னா அவனுக்கு அதைவிட அவமானம் என்ன?"

வாஸ்தவம்தான். எங்கள் வழக்கத்தில் புது வீட்டுக்குள் விளக்கு எடுத்துப் போவதும், முதல் பால் காய்ச்சுவதும் வீட்டில் பிறந்த பெண். நான் இல்லாமல் அவனால் ஆகாது. ஆனால் போகாமல் இருந்தால், 'பாப்பாவுக்குப் பொறாமை' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவான். மறைந்து நின்று அடித்ததுதான் என் தப்பு. இந்தத் தடவை எதிரே நின்று அடிக்க வேண்டும் என்று நினைத்தேன். ரிஜிஸ்டர் ஆபீசுக்காக அவன் கொடுத்த அதே பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டேன். உண்டிவில்லைக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

வாசலில் முன்னதைவிடப் பெரிய பூசணிக்காய் தொங்கியது. கொல்லையில் சிமென்ட் கல் பதித்து, அடிமரம் இருந்த இடமே தெரியாமல் செய்திருந்தார்கள். அதன் மேல் மாலை போட்ட புது கார் நின்றது. விளக்கை எடுத்துக்கொண்டு வலது காலை வைத்து உள்ளே போனேன். பால் காய்ச்சினேன். கிழக்குப் பக்கமாகப் பொங்கியது, எல்லோருக்கும் திருப்தி. நானும் மனதார வேண்டிக்கொண்டேன், என்ன வேண்டிக்கொண்டேன் என்பது பெருமாளுக்கும் எனக்கும் நடுவில் இருக்கட்டும்.

மாடியிலிருக்கும் ஹாலில் டிபன் பரிமாறினார்கள். குடும்பத்தில் மூத்தவர் என்று மிஞ்சியிருப்பவர் எங்கள் பெரியப்பா ஒருவர்தான். காது மந்தம், அதனால் ஊருக்கே கேட்கிற மாதிரி பேசுவார். இட்லியைப் பிட்டுக்கொண்டே ஜன்னல் வழியாகக் கொல்லையைப் பார்த்தார்.

"ஏம்ப்பா, அங்க ஒரு கொய்யா மரம் நின்னுச்சே? உங்கம்மா வெச்சது?"

அண்ணன் அவர் காதருகே குனிந்தான். "கரையான் அரிச்சிருச்சு பெரியப்பா. தானா விழுந்துருச்சு."

நான் இலையிலிருந்து எழுந்து, கை கழுவி வந்து, கைப்பையைத் திறந்து உண்டிவில்லை எடுத்து அண்ணனிடம் நீட்டினேன். "இதைக் கொஞ்சம் பாருண்ணே. நானே செஞ்சது."

வாங்கினவுடனேயே அவன் முகம் மாறிவிட்டது. எத்தனை கவட்டை சீவிய கை அது, எந்த மரம் என்று கண்ணால் பார்க்கவே வேண்டியதில்லை. பழக்கதோஷத்தில் பிடித்துப் பார்த்தான். அவன் விரல்கள் பிடிக்கு வெளியே வழிந்தன, கட்டை விரலுக்கு அந்தப் பள்ளம் போதவில்லை.

"என் கைக்கு வரலையே," என்றான் மெதுவாக.

"உன் கைக்குச் செய்யல. இழுத்துப் பாரு."

"எதுக்கு பாப்பா இதெல்லாம் இப்ப?"

"இழுத்துப் பாருண்ணே. கரையான் அரிச்ச மரம்தானே? ஒடிஞ்சாலும் ஒடிஞ்சிரும்."

ஹாலில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அத்தனை பேர் பார்க்கும்போது இழுக்காமலும் இருக்க முடியவில்லை. இழுத்தான். கவட்டை அசையவில்லை. "இன்னும்," என்றேன். காதுவரை இழுத்தான். ரப்பர் வெளுத்துப்போய் நின்றது, கொய்யா ஒரு முனகல்கூட முனகவில்லை. அண்ணி பரிமாறுகிற கரண்டியோடு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்கிட்டயும் கரையான்னுதானே சொன்னீங்க?" என்றாள்.

அவன் ரப்பரைத் தளர்த்தினான். எனக்கு மட்டும் கேட்கிற குரலில், "வெட்டித்தான் போட்டேன் பாப்பா. கார் திரும்பல. உன்கிட்ட கேட்டா விடமாட்டேன்னு..." என்றான்.

"சத்தமாச் சொல்லுண்ணே," என்றேன். "பெரியப்பாவுக்குக் காது கேக்காது."

என்னைப் பார்த்தான். நான் நகரவில்லை. பிறகு குனிந்து, பெரியப்பாவின் காதில், ஹால் முழுக்கக் கேட்கும்படி சொன்னான். "நான்தான் வெட்டுனேன் பெரியப்பா. நல்லா இருந்த மரம்."

பெரியப்பா மேலும் கீழும் தலையாட்டிவிட்டு, சட்னி கேட்டார்.

உண்டிவில்லை அவன் கையிலிருந்து வாங்கிக் கைப்பையில் வைத்தேன். அப்போதுதான் அவனுக்கு இன்னொன்று தட்டியிருக்க வேண்டும். வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்தான், என் கையைப் பார்த்தான்.

"பாப்பா, அந்தப் பூசணிக்காய்..." என்றான்.

"அது தானா வெடிச்சுது," என்றேன். "மரம் தானா விழுந்துச்சுல்ல, அந்த மாதிரி."

திரும்பிப் போய் என் இலையில் உட்கார்ந்தேன். கேசரி நன்றாக இருந்தது. இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினேன்.

அடுத்த காய்ப்புக் காலத்தில் அண்ணன் கார் எங்கள் வாசலில் வந்து நின்றது. ஒரு பையைக் கொடுத்துவிட்டு, உள்ளே வராமல் போய்விட்டான். பிரித்துப் பார்த்தேன். காந்தி மார்க்கெட்டில் விற்கிற பெரிய கொய்யாப் பழங்கள், ஒவ்வொன்றும் தலை அளவு, பளபளவென்று. ஒன்றை நறுக்கினேன். உள்ளே வெளுப்பாக இருந்தது. விதைகூட இல்லை, ஒரு வாசனையும் இல்லை. அம்மா பஸ் மாறிக் கொண்டுவந்த பையை இவன் எங்கேயிருந்து வாங்கிக் கொடுப்பான்?

மீதியை மொட்டை மாடிக்குக் கொண்டுபோய்க் கைப்பிடிச் சுவரில் வரிசையாக வைத்தேன். "திங்கிற பொருளை ஏண்டி இப்படிப் பண்ற?" என்று வீட்டுக்காரர் படியிலிருந்து கேட்டார். நான் இடது கையில் கவட்டையைப் பிடித்தேன். கட்டை விரல் அதன் பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. கன்னம்வரை இழுத்து, முதல் பழத்தைக் குறி பார்த்தேன்.